பல் டாக்டரின் வண்டி

"எது நடந்தாலும் எஞ்சினை மட்டும் ஆஃப் பண்ணக் கூடாது" என்றார் பல் டாக்டர்.

பழைய கார்களை வாங்கி விற்கும் கடையின் வாசலில் அவர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பக்கத்து இருக்கையில் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கு வேற வண்டியிலதான் வீட்டுக்குப் போகணும். இன்னொரு தடவை என்னைத் தள்ளச் சொன்னீங்க, நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஆமா!"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரம், எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தைக் கடித்துச் சுழற்ற வேண்டும். இந்த வண்டியின் பெரிய சக்கரத்தில் ஒரு பக்கம் பல் தேய்ந்துவிட்டது. அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் கடிக்க எதுவும் கிடைக்காமல் சின்னது விர்ரென்று வெறுமனே சுற்றும். வண்டியைக் கியரில் போட்டு லேசாக அசைத்தால் போதும், நல்ல பல் ஒன்று முன்னால் வந்துவிடும். அசைப்பது எப்போதும் மனைவிதான்.

"ஊரார் பல்லையெல்லாம் கட்டறீங்க. இதுக்கு ஒரு பல் கட்டத் தெரியலையே!"

விற்பனையாளர் சிரித்தபடி வந்தார். "வாங்க சார், வாங்க மேடம். இதைக் குடுத்துட்டு அந்த நீல வண்டியை எடுத்துக்கறீங்க, அதானே? நல்ல தள்ளுபடி உண்டு."

"தள்ளற பேச்சே வேண்டாம்" என்றாள் மனைவி.

பின்னாலேயே மெக்கானிக் வந்தார். "ஆஃப் பண்ணுங்க சார், ஆயில் பார்க்கணும்."

ஓடும் எஞ்சினில் எண்ணெய் மேலெல்லாம் தெறித்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால்தான் கீழே வடிந்து சரியான அளவைக் காட்டும். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இதைப் பார்க்காமல் யாரும் வண்டி வாங்கமாட்டார்கள்.

"ஐயோ, ஏசி நின்னுடுமே! இவளுக்குச் சூடு ஆகாது. மயக்கம் போட்டுடுவா."

மனைவி அவரை முறைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கண்களை மூடினாள்.

விற்பனையாளர் பதறிவிட்டார். "நீல வண்டியில ஏசி ஓடிட்டுதான் இருக்கு. அதுல உக்காருங்க மேடம்."

"அவளால நடக்க முடியாதே..."

அதற்கும் வழி இருந்தது. உள்ளிருந்து சக்கர நாற்காலி ஒன்றை உருட்டி வந்து மேடத்தை மகாராணிபோல் அழைத்துப் போனார்கள்.

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்று கண்ணைத் திறக்காமலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி, வண்டி உருளாமலிருக்கக் கியரில் போட்டார். எண்ணெயைப் பார்த்துத் தலையாட்டினார். மறுபடி சாவியைத் திருகினார்.

விர்ர்ர்.

"என்ன சார் இது, சத்தம் ஒரு மாதிரியா இருக்கு?"

டாக்டர் பாய்ந்து போய் வண்டியின் பின்பக்கத்தைக் கட்டிக்கொண்டார். "எத்தனை வருஷப் பழக்கம்! உன்னை விட்டுட்டுப் போக மனசே வரலையே!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். கியரில் இருந்த வண்டியும் கூடவே குலுங்கியது.

மெக்கானிக் இன்னொரு முறை திருகினார். எஞ்சின் உயிர்பெற்றது.

"நீங்க தொட்டதும் எடுத்துக்கிச்சே! வாயில்லா ஜீவனுக்கும் பாசம் இருக்கு சார்."

விற்பனையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரமே பேசாமல், டாக்டர் சொன்ன விலைக்குச் சம்மதித்தார். நீல வண்டியின் கதவைத் திறந்துவிட்டு, "வழியில எங்கயும் ஆஃப் பண்ணிடாதீங்க சார். ஏசி நின்னா மேடத்துக்கு ஆகாது" என்றார்.

இவ்வளவு நல்ல மனுஷனைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்று டாக்டருக்கு உறுத்தியது.

மனைவிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது. "எனக்காகக்கூட நீங்க இப்படி அழுததில்ல."

"உனக்காகத்தான் அழுதேன். இனிமே நீ தள்ள வேண்டாம் பாரு."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வாசலில் காவலாளி சலாம் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"சார், வீட்டுல நிறுத்தறப்போ கொஞ்சம் இறக்கமான இடமாப் பார்த்து நிறுத்துங்க."