சயாவின் தலைக்கு ஒரு ஃபெல்ட் தொப்பி

போன மாதம் ஆபீஸில் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒரு தொப்பி வாங்கி வர வேண்டும்.

கப்பலில் சரக்கு ஏற்றுகிற வேலை இல்லை. சுங்க இலாகா வரிசையில் நிற்கிற வேலை இல்லை. தொப்பி. தலையில் வைப்பார்களே, அது.

தடிஞ்சுட் பண்டிகை வந்தால் யாங்கோன் ஆபீஸ்களில் சின்னவர்கள் பெரியவர்களைக் கும்பிட்டு ஒரு பரிசு கொடுப்பது வழக்கம். எங்கள் மானேஜர் ஊ டின் சோவுக்குப் போன வருஷம் துண்டு கொடுத்தார்களாம். அதற்கு முந்தின வருஷம் பிளாஸ்க். அதற்கும் முந்தின வருஷம் மறுபடி துண்டு.

இந்த வருஷம் புதிதாக யோசித்தவர் மா கின். வயதில் ஆபீஸுக்கே அக்கா.

"சயாவுக்கு மண்டையில முடியே இல்ல. தினம் துறைமுகத்துல வெயில்ல நிக்கிறாரு. அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க போட்ட ஃபெல்ட் தொப்பின்னா அவருக்கு உயிர். போன்ல படம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுறாரு. அதையே வாங்கிடுவோம்."

பேச்செல்லாம் பர்மியத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். சயா என்றால் வாத்தியார். ஆபீஸில் மானேஜரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"யாரு போய் வாங்குறது?" என்றார் டிரைவர் கோ யே.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"செல்விதான் படிச்ச பொண்ணு."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தினால் எனக்குக் கிடைத்த உரிமை இதுதான். வீட்டில் கேஸ் அடுப்பு எரியவில்லையா? படிச்ச பொண்ணுதானே, பாரு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு என்ன மாத்திரை? படிச்ச பொண்ணுதானே, சொல்லு. நான் படித்தது தாவரவியல். அதை யாரும் கேட்பதில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிற நேரம். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அச்சாகி, சயாவின் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. நான் தினமும் தேநீர் வைக்கிற சாக்கில் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். கையெழுத்து இல்லாத இடம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

"வாங்கிட்டு வரேன் அக்கா," என்றேன்.

முதல் பிரச்சினை, தலை அளவு.

இந்த ஊரில் பெரியவர்கள் தலையைத் தொடக்கூடாது. தலைக்கு மேலே கையை நீட்டினாலே மன்னிப்புக் கேட்பார்கள். அதில் டேப்பைச் சுற்றி "ஒரு நிமிஷம் ஆடாம இருங்க சயா" என்று சொன்னால் என் கடிதம் கப்பல் ஏறிவிடும். அவரையே கேட்கவும் முடியாது. பரிசு ரகசியமாம்.

"என் தலையும் சயா தலையும் ஒரே அளவுதான்," என்றார் கோ யே. "வண்டிக் கண்ணாடியில தினம் பார்க்கிறேனே."

சரக்குப் பெட்டி கட்டும் கயிற்றை அவர் தலையில் சுற்றி அளந்தேன். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.

"என் முடியைக் கழிச்சுக்கோ," என்றார் அவர் பெருமையாக.

எவ்வளவு கழிப்பது? எந்த இணையதளத்திலும் இல்லை.

இணையதளம் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தேன். முயல் ரோம ஃபெல்ட் உசத்தி, ஆட்டு ரோமம் சுமார், அட்டைக்கு மேல் துணி ஒட்டினது மோசம். உள்ளே தோல் பட்டை இருக்கவேண்டும். விளிம்பை வளைத்து விட்டால் பழையபடி வரவேண்டும். கறுப்புச் சாயம் விரலில் ஒட்டக்கூடாது. இப்படிப் பதினான்கு சோதனைகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட ஒரு கட்டமும் வரைந்தேன்.

போஜோ மார்க்கெட்டில் தொப்பிக்கடை பாய் நம்ம ஆள், தமிழ் பேசுவார். முதல் தொப்பியை எடுத்துக் கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன். பசை நாற்றம். இரண்டாவது, விரல் கறுத்துப்போனது. மூன்றாவதின் விளிம்பை வளைத்தேன், அது வளைந்த இடத்திலேயே நின்று என்னை முறைத்தது.

நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"தங்கச்சி," என்றார் பாய், "நீ தொப்பி வாங்க வந்தியா, இல்ல அதுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தியா?"

"நல்லதா வேணும் பாய். பெரியவருக்கு."

"இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் சின்னவருக்கா?"

ஏழாவது தொப்பியில் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா! ஏம்மா! என்ன பண்றே?"

"ஒரே ஒரு சொட்டு பாய். நல்ல ஃபெல்ட்னா தண்ணி உள்ளே இறங்காது."

"நான் இறங்கிப் போயிடுவேன் போலிருக்கே!"

பாய் ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்தார். பெட்டியைக் கரையான் பாதி தின்றிருந்தது. உள்ளே ஒரு காப்பி நிறத் தொப்பி. விளிம்பு அளவோடு வளைந்து, பட்டு நாடா சுற்றி, உள்ளே தோல் பட்டையோடு. ஒரு சொட்டு விட்டேன். தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்தாக நின்றது. தாவரவியல் படித்ததற்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பலன் அதை ரசித்ததுதான்.

பதினான்கு கட்டத்திலும் டிக்!

"பெட்டி இல்ல, பையிலதான் போட்டுத் தருவேன்," என்றார் பாய். "உச்சியைப் பிடிச்சுத் தூக்காதே, விளிம்பைப் பிடி. உள்ளே மெத்துன்னு ஏதாவது திணிச்சு வை. இல்லேன்னா பள்ளம் விழுந்துரும். போய்ட்டு வா தாயி. திரும்பி மட்டும் வராதே."

எங்கள் வீடிருக்கும் தாமுவேக்குப் போகிற பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்தேன். கம்பியைப் பிடிக்கக் கை இல்லாததால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு புது ஆள் மடியில் உட்கார்ந்தேன். நாலாவது ஆள், "உள்ளே முட்டையா?" என்று கேட்டார். "தொப்பி," என்றேன். அதன் பிறகு அவர் இரக்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா தோசைக்கடை வைத்திருப்பவர். மாவு ஆட்டும் கையாலேயே பூவும் கட்டுவார், பொட்டலமும் கட்டுவார்.

"உள்ளே மெத்துன்னு ஏதாவது வெச்சு, அழகா சுத்திக் கொடும்மா. நசுங்கினா என் வேலை போச்சு."

குளித்துவிட்டு வந்தபோது தொப்பி மஞ்சள் ஜிகினாத் தாளில் மின்னியது. மேலே சிவப்பு ரிப்பன்.

"உள்ளே வெச்சியாம்மா?"

"வெச்சாச்சு, வெச்சாச்சு."

பதினான்கு சோதனை செய்த படிச்ச பொண்ணு, என்ன வைத்தாய் என்று கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் சயா நாற்காலியில் உட்கார, நாங்கள் எல்லாரும் தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டோம். அவர் கண்ணை மூடி நீளமாக வாழ்த்தினார். நோய் வரக்கூடாது, விபத்து வரக்கூடாது, நினைத்தது நடக்கவேண்டும். நான் ஒரு கண்ணால் பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டே ஆமென்று தலையாட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்தார்.

தொப்பியைப் பார்த்ததும் அந்த முகம் இருக்கிறதே! ஐம்பத்தொன்பது வயது மனிதர், பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி ஆகிவிட்டார். விளிம்பை வளைத்து விட்டார். பழையபடி வந்தது. முகர்ந்தார். தோல் பட்டையைத் தடவினார். என்னுடைய நோட்டை யாரோ அவருக்குக் காட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"போட்டுக் காட்டுங்க சயா!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

கவிழ்த்தார். உள்ளே ஏதோ துணி. இழுத்தார்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. சிவப்பில் மஞ்சள் பூப்போட்டு, இரண்டு முழத்துக்கு மேல், ஓரத்தில் தோசை மாவுக் கறையோடு.

அம்மாவின் தமேன்!

தமேன் என்பது இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் கைலி. அது ஆணின் தலைப்பக்கம் போனால் அவருடைய மகிமையே போய்விடும் என்று நம்பிக்கை. கொடியில் தமேன் காய்ந்தால் ஆண்கள் அதன் அடியில் குனிந்துகூடப் போகமாட்டார்கள். தெருவைச் சுற்றிப் போவார்கள். அதைத்தான் நான் என் மானேஜரின் தொப்பிக்குள், அவர் தலை போகவேண்டிய இடத்தில், ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.



சயா அதை இரண்டு விரலால் பிடித்தபடி அசையாமல் இருந்தார். கீழே போடவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

மா கின்தான் முதலில் விழித்துக்கொண்டார். "அது உங்க வீட்டம்மாவுக்கு சயா! அவங்களுக்கும் ஒரு பரிசு! புதுசு!"

சயா என்னைப் பார்த்தார். "புதுசா?"

எனக்குத் தேவை ஒரே ஒரு 'ஆமாம்'. மா கின் கண்ணால் கெஞ்சினார். கோ யே தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கடிதத்தின் முனை காற்றில் படபடத்தது.

ஆனால் அந்தக் கறை! புதுத் துணியில் எப்படி மாவுக் கறை வரும்? சயாவின் வீட்டம்மா அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால்? எனக்குப் பொய் சொல்வது பாவம் என்பதைவிட, பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்வது பெரிய பயம்.

"இல்ல சயா," என்றேன். "எங்க அம்மா கட்டினது. ரெண்டு வருஷமா. ஆனா துவைச்சது."

'துவைச்சது' என்பதைச் சேர்த்தால் நிலைமை சரியாகும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ!

மா கின் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஓடிப்போய் சாமி மாடத்திலிருந்து, மடத்தில் மந்திரித்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். தொப்பியை மேஜையில் வைத்து, கோ யே பயபக்தியோடு தெளித்தார்.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாக நின்றது. பிறகு உருண்டு விளிம்பு வழியாகத் தரையில் சொட்டியது.

இன்னும் தெளித்தார். இன்னும் உருண்டது.

"ஏத்துக்க மாட்டேங்குதே!" என்றார் கோ யே, முகம் வெளிறி. "மந்திரிச்ச தண்ணியையே தள்ளுது!"

"அது அப்படி இல்ல அண்ணே," என்று என் வாய் தானாகத் திறந்தது. "நல்ல முயல் ரோம ஃபெல்ட்னா தண்ணி உள்ளே போகாது. அதான் சோதனை. எட்டாம் நம்பர்."

நோட்டை எடுத்துக் காட்டவும் செய்தேன். யாராவது என்னைத் தடுத்திருக்கலாம்.

சயா தமேனை மேஜை ஓரத்தில் விட்டுவிட்டு நோட்டை வாங்கினார். பதினான்கு சோதனையையும் மெதுவாகப் படித்தார். தொப்பியைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். அந்த மனிதர் மகிமைக்கும் முயல் ரோமத்துக்கும் நடுவில் படுகிற பாடு எங்களுக்கே தெரிந்தது.

"தண்ணியே உள்ளே போகல," என்றார் கடைசியில். "அப்போ வேற எது உள்ளே போயிருக்கும்?"

"ஆனா சயா," என்றார் மா கின், "தமேன் இருந்தது உள்பக்கம்..."

சயா பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே முடிந்தது.

தொப்பியை எடுத்தார். போட்டார்.

அது நேராகப் புருவம் வரைக்கும் இறங்கி, காதில் தட்டி நின்றது. கோ யேயின் முடியை நான் கழிக்கவில்லை.

"உள்ளே ஏதாவது வெச்சா சரியாகிடும் சயா," என்றேன்.

எல்லாரும் மேஜையில் கிடந்த தமேனைப் பார்த்தார்கள்.

"காகிதம்!" என்று கத்தினேன். "காகிதம் சயா! தோல் பட்டைக்குப் பின்னாடி மடிச்சு வைக்கிறது. புதுக் காகிதம். யாரும் கட்டாதது!"

"கெட்டியா இருக்கணுமா?"

"கெட்டியா இருந்தா நல்லது சயா."

பேப்பர்வெயிட்டைத் தூக்கினார். அடியிலிருந்த கடிதத்தை எடுத்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். லெட்டர்ஹெட். ஆபீஸிலேயே நல்ல தாள் அதுதான்.

நான் ஒரு அடி முன்னால் நகர்ந்தேன்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதை நீளவாக்கில் நாலாக மடித்து, தோல் பட்டைக்குப் பின்னால் செருகினார். தொப்பி அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"கையெழுத்து, நீ உண்மை சொன்னதுக்கு," என்றார். "மடிச்சது, தமேனுக்கு."

சாயங்காலம் அம்மாவிடம் தமேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முடிந்தவரை சத்தம் போட்டேன்.

"அவரு பிரிச்சதும் நீ வெளியே எடுத்துருவேன்னு நெனைச்சேன்டி. படிச்ச பொண்ணுதானே?" என்றார் அம்மா. "அப்படி என்ன ஆகிப்போச்சு? நீ பொறந்ததும் உன்னை என் தமேன்லதான் தலையோட சுத்தி வெச்சேன். அந்தத் தலைதானே பட்டம் வாங்குச்சு?"

தாவரவியலில் இது வரவில்லை.

இப்போது நான் நிரந்தர ஊழியர். போன வாரம் பேங்கில் கணக்குத் திறக்கப் போனேன், வேலைக் கடிதத்தைக் காட்டச் சொன்னார்கள். அது தினமும் துறைமுகத்தில் சயாவின் தலையில் நடமாடுகிறது, இந்த ஊரில் பெரியவர் தலையில் யார் கை வைப்பது?