ஸ்தாங்கா என்னும் பேய்

மகேந்திரராசா குசினிக் கதவின் முன்னால் முழந்தாளிட்டு, சாவித் துவாரத்துக்குள் தீர்த்தம் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கையில், உடுப்பு மினுக்கும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தல்.

உள்ளேயிருந்து மனைவி செசிலியாவின் குரல் வந்தது. குரல் அவளுடையதுதான். பாஷை அவளுடையதல்ல.

“சோனோ ஸ்தாங்கா... சோனோ ஸ்தாங்கா...”

தமிழுமில்லை, சிங்களமுமில்லை, இங்கிலீசுமில்லை. படிக்காத பாஷை பேசுவதுதான் பேய் பிடித்ததற்கு முதல் அடையாளம் என்று, அவர் பார்த்த அத்தனை பேய்ப் படங்களிலும் பாதிரிமார் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அதுவும் முப்பது வருஷமாக “ஓம்”, “சரி”, “சோறு போடட்டோ” என்பவற்றைத் தாண்டாத வாய்!

கதவு திறந்தது. படத்தில் போல அவள் தலை முழுச்சுற்றுச் சுற்றவில்லை. கால் சுற்றுத் திரும்பி முறைத்தது.

“இஞ்சாருங்கோ, என்ன கூத்து இது? நிலமெல்லாம் ஈரம். இனி ஆர் துடைக்கிறது?”

தீர்த்தத்தைக் கண்டு கொதிக்கிறது. இரண்டாம் அடையாளம்!

மந்திரித்த உப்பில் ஒரு கைப்பிடி அள்ளி மீன்குழம்பில் போட்டார். செசிலியா ஒரு வாய் வைத்தாள். குழம்பைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து சமைத்தாள். அவள் தலையணைக்குள் மாதா சுரூபங்களைத் திணித்துத் தைத்தார். பாவம், அவள் விடிய விடியப் புரண்டு அதே சொல்லை முனகினாள்.

ஸ்தாங்கா! அதுதான் பேயின் பெயர். பெயர் தெரிந்தால் பாதிப் போர் வென்ற மாதிரி. பங்குக்குப் புதிதாக வந்திருந்த, ரோமாபுரியில் படித்த பாதரிடம் ஓடினார்.

“பாதர், என்ரை செசிலை எனக்குத் திருப்பித் தாங்கோ. அவ இல்லாட்டி, வீட்டிலை கோப்பை எங்கை இருக்கெண்டும் எனக்குத் தெரியாது.”

“பேயோட்டுறதுக்கு ஆயரின்ரை அனுமதி வேணும். முதல்லை டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?”

“டொக்டருக்கு லத்தீன் தெரியாதே, பாதர்!”

பாதர் வந்தார். அவரைக் கண்டதும் செசிலியா அந்தப் பாஷையில் மகாவலி கங்கை மாதிரிப் பெருகினாள். பாதரின் கண்கள் விரிந்தன. அடுத்த கணம் அவரும் அதே பாஷையில் பேசத் தொடங்கினார்.

மகேந்திரராசா அலுமாரியை இறுகப் பிடித்துக்கொண்டார். “ஐயோ மாதாவே, பாதருக்கும் தாவிட்டுது!”

பாதர் அவரை எட்ட நிற்கச் சொன்னார். செசிலியா அழுது முடித்ததும், அவள் தலைக்குமேல் கையை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டு வெளியே வந்தார்.

“என்ன சொன்னது, பாதர்?”

“அது பாவசங்கீர்த்தனம். ஒரு சொல்லும் சொல்லேலாது. நீங்கள் போய் ஒரு தேத்தண்ணி போடுங்கோ.”

“பேய்க்கோ?”

பாதர் தனக்குத்தானே சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மகேந்திரராசா தேயிலைப் பேணியைத் தேடிப் பிடித்த நேரம், வாசலில் ஒரு பெண் நின்றாள்.

“அங்கிள், நான் லோஜினி. கட்டுகஸ்தோட்டையிலை இத்தாலிப் பாஷை படிப்பிக்கிறனான். அன்ரிக்கு விசா சரி. அங்கை வயசுபோன ஆக்களைப் பாக்கிற வேலை. சொல்லிவிட்டுப் போக வந்தனான்.”

பேணி கைநழுவி உருண்டது.

“அப்ப... அந்த ஸ்தாங்கா ஆர் பிள்ளை?”

“அது ஆளில்லை, அங்கிள். ‘களைச்சுப்போனன்’ எண்டு அர்த்தம். வகுப்புக்கு வந்த முதல் நாளே, இதை இத்தாலிப் பாஷையிலை எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் அன்ரி கேட்டவா.”