மாப்பிள்ளை ஒட்டிவிட்டுப் போன நூல்கள்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் மருமகளும் சௌக்கியம். அங்கே அத்தானும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறார்கள்?

என் பெண்ணுக்கு நீ பார்த்த வரன் நமக்குச் சரிப்படாது. பல்கலைக்கழகத்தில் விண்கலத்துக்கு இறக்கை வடிவமைக்கிறவன் என்றாய், நானும் வாயைப் பிளந்தேன். வீட்டுக்கு வந்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை, அவள் கொடுத்த டீயின் ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். "மாமா, உங்க வீட்டுக் காத்து அந்த மூலையிலயே சுத்திக்கிட்டு நிக்குது, வெளிய போக மாட்டேங்குது" என்றான். என் நாற்காலி இருப்பது அந்த மூலையில்தான். சரி, போகட்டும் என்று விட்டால், பையிலிருந்து கம்பளி நூல் துண்டுகளை எடுத்து ஜன்னல், அலமாரி, சுவர் என்று ஒட்டிக்கொண்டே போகிறான். காற்று போகும் பக்கம் நூல் சாயுமாம், இறக்கையிலும் இப்படித்தான் ஒட்டிப் பார்ப்பார்களாம். கடைசியில் என்னிடம் வந்து, "தலையக் கொஞ்சம் குனிங்க மாமா. முடி இருந்தா ஒட்டாது, உங்களுக்கு அந்தத் தொந்தரவே இல்ல" என்று என் வழுக்கையிலும் ஒன்று. உன் மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை, அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வேலையையாவது பார்ப்போம் என்று ரயிலேறி அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் கை நீளத்துக்கு ஓர் இறக்கை, அதன் மேல் புகை கோடு கோடாகப் போகிறது. போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது அக்கா. தொட்டிலில் உன் மருமகள் விட்ட மூச்சு மாதிரி இருந்தது. வந்த காரியம் மறந்து, உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். "இது எப்பப்பா பறக்கும்?" என்று கேட்டேன். "நம்ம காலத்துல பறக்காது மாமா. இன்னொரு கிரகத்துல போய் இறங்கணும்ல, அவசரப்பட முடியாது" என்றான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றுக்கு ஆயுசைக் கொடுக்கிறவனை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? அந்த ஊருக்கு இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்? நீயே பக்குவமாக ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடு.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தம்பி

பி.கு.: இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசில்லை, அதனால் கீழே எழுதுகிறேன். இப்போதுதான் உன் மருமகள் வேலைக்குக் கிளம்பினாள். அவள் கதவைத் திறந்ததும் வீட்டிலிருந்த நூலெல்லாம் எழுந்து வாசல் பக்கம் சாய்ந்தன, என் மூலையில் இருந்ததும்கூட. "போய்ட்டு வரேம்ப்பா" என்று கதவைச் சாத்தினாள், எல்லாம் தொங்கிவிட்டன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன். சம்மதம் என்று சொல்லிவிடு அக்கா. என் தலையில் ஒட்டியதை இன்னும் எடுக்கவில்லை. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், மாப்பிள்ளையைச் சீக்கிரம் வரச்சொல்.