பேண்டுச் சகோதரிகள் சங்கத்துக்கு ஒரு தலை குறைகிறது

ஹார்லன் கிராசிங், ஒக்லஹோமா
அக்டோபர் கடைசி வாரம், செவ்வாய்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் வெண்டல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லவோனாவின் கணவன் கிளீட்டஸ் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நாயும் சுகம். சூறாவளிச் சங்கு இந்த மாதம் ஒரு தடவைதான் ஊதியது, அதுவும் சோதனைக்கு. அங்கே டெக்சஸில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

போன தடவை போனில், "பந்தைப் பிடிக்கத் தெரியாததுங்கதான் பேண்டுல போய் ஊதிட்டு நிக்கும். அதுக்கு ஒரு சங்கம் வேறயா மாப்ள?" என்று சிரித்தீர்கள். நான் பதில் சொல்வதற்குள் வைத்தும் விட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். உங்கள் மருமகள் டெஸ்ஸா கல்லூரி பேண்டில் ட்ராம்போன் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். பேண்டுக்குத் தொண்டு செய்யும் பெண்களுக்கென்று நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு சங்கம் இருக்கிறது. அதன் கிளையை எங்கள் கல்லூரியில் தொடங்கியே தீருவேன் என்று இந்த வருஷம் கிளம்பிவிட்டாள். விருந்து வைத்துக் கூத்தடிக்கிற சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் சுமக்க வேண்டும், அறுந்த பொத்தான் தைக்க வேண்டும், மழை வந்தால் ட்யூபா என்ற பெரிய ஊதுகுழல்களை வண்டியில் ஏற்ற வேண்டும், அப்புறம் ஓடிப்போய்த் தானும் வரிசையில் நின்று வாசிக்க வேண்டும். தலைமையகம் போட்ட நிபந்தனை இதுதான்: ஒரு மாதம் ஒழுங்காகத் தொண்டு செய்து காட்ட வேண்டும், உறுப்பினர் பன்னிரண்டு பேர் வேண்டும், அத்தனை பேரும் பேண்டில் இருக்க வேண்டும். டெஸ்ஸா பன்னிரண்டு பேரைத் திரட்டிவிட்டாள். நானும் உதவுகிறேன் என்று கையைத் தூக்கினேன். அங்கேதான் சனி பிடித்தது.

முதல் தொண்டு, பேண்டின் வெள்ளைக் கையுறைகளைத் துவைப்பது. மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வந்தன. பிள்ளை களைத்துத் தூங்கிவிட்டாளே என்று நானே மெஷினில் போட்டேன், இடம் இருக்கிறதே என்று என் சிவப்பு வேட்டைச் சட்டையையும் சேர்த்தே போட்டேன். சனிக்கிழமை கல்லூரிப் பந்தாட்டத்தின் இடைவேளையில் பேண்டு முழுக்க ரோஜாப்பூ நிறக் கையோடு நடந்து வந்தது. டெஸ்ஸா என்னைப் பார்த்த பார்வையில் நான் பெஞ்சுக்கு அடியில் போயிருப்பேன். ஆனால் அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் பாருங்கள், அதற்கு ரோஜா நிறம்தான் அடையாளம்; அதற்காகத்தான் இப்படிப் போட்டு வந்திருக்கிறார்கள் என்று கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. எதிரணிக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். "பேசாம இருங்கப்பா, யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள் மகள். நான் விடவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயிற்சி மைதானத்துக் கோடுகள் அழிந்துபோய்விட்டன, புதிதாகப் போடப்போகிறோம் என்று பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஆயுசு பூராவும் வேலி போட்டவன் நான், கோடு போட எனக்கா தெரியாது? அவர்கள் வகுப்பில் இருந்தபோது என் பழைய அளவு நாடாவை வைத்து மைதானம் முழுக்க இழுத்துவிட்டேன். நாடாவின் முனையில் ஓர் அடியைப் புல் வெட்டும் இயந்திரம் போன வருஷமே தின்றுவிட்டது என்பது எனக்கு எப்படி நினைவிருக்கும்? கோட்டுக்குக் கோடு இத்தனை காலடி என்றுதான் பேண்டுக்காரர்கள் நடப்பார்கள். ஆக ஒரு வாரம் மொத்த பேண்டும் குட்டை நடை பழகியது. ஆட்டத்தன்று பெரிய மைதானத்தில் பேண்டு நடுக்கோட்டுக்கு வந்துசேரவே இல்லை. தலைமை நடத்துனன் நடுவில் தனியாக நின்று காற்றுக்குக் கோலாட்டிக்கொண்டிருந்தான். பேண்டு தூரத்தில் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. மேலே பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? கிளை கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத் தலைமையகத்திலிருந்து வந்த ஸ்ட்ரௌட் அம்மாள்.

"கோடு போட்டது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மாள். நான் வாயைத் திறப்பதற்குள் டெஸ்ஸா ஒரு எட்டு முன்னால் வந்து, "நாங்கதாம்மா. நாளைக்கே சரி பண்ணிடுவோம்" என்றாள். மறுநாள் தேவாலயத்திலிருந்து வந்த உடுப்போடு பன்னிரண்டு பெண்களும் மைதானம் முழுவதையும் புது நாடாவால் அளந்து மறுபடி கோடு போட்டார்கள். என்னைச் சுண்ணாம்பு டப்பா பக்கமே விடவில்லை. ஸ்ட்ரௌட் அம்மாள் கடைசிக் கோடு வரை நின்று பார்த்துவிட்டு, "தப்பு எல்லா ஊர்லயும்தான் நடக்கும், இப்படிச் சரி பண்றவங்களைப் பாக்கிறதுதான் அபூர்வம்" என்றார். கிளை கிடைத்துவிட்டது என்று நான் முடிதிருத்தும் கடையிலும் தபால் ஆபீசிலும் சொல்லி முடித்துவிட்டேன்.

இங்கேதான் இடி விழுந்தது. பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழல் வாசிக்கும் ஜோலீன் நேற்றுப் பேண்டை விட்டே போய்விட்டாள். ஆட்டத்தில் குதித்து உற்சாகப்படுத்தும் பெண்களோடு சேர்ந்துவிட்டாளாம், அங்கே பாவாடை அழகாம். மிச்சம் பதினோரு பேர். ஊர் முழுக்கத் தேடியாயிற்று. பேண்டில் இருக்கிற மற்றப் பெண்களுக்கெல்லாம் வேலை, படிப்பு, காதலன் என்று ஏதாவது ஒன்று. ஸ்ட்ரௌட் அம்மாள் வருத்தத்தோடுதான் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள பன்னிரண்டு இல்லேன்னா என் கையில எதுவும் இல்லம்மா." டெஸ்ஸா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். இன்று காலையில் பார்த்தால் வழக்கம்போலத் தண்ணீர் கேன்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். "சங்கம்தான் இல்லன்னு ஆயிடுச்சே கண்ணு" என்றேன். "சங்கம் இல்லேன்னா அவங்களுக்குத் தாகம் எடுக்காதாப்பா?" என்று கேட்டாள்.

இதைவிடப் பெரிய பிள்ளையை எந்தப் பந்தாட்டக்காரன் பெற்றிருக்கிறான், சொல்லுங்கள் பார்க்கலாம். கிளை வராவிட்டால் போகிறது. நான் பெருமையோடுதான் தெருவில் நடப்பேன். உங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் வணக்கங்கள். முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுங்கள். இந்த வருஷம் கிளை கிடையாது, இந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்,

உங்கள் மைத்துனன்,
கிளீட்டஸ் ஓட்வே

பி.கு.: மேலே சொன்னதை அடித்துவிடுங்கள். உறையை ஒட்டப்போகிறேன், உங்கள் தங்கை இறகு வைத்த பேண்டுத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் சட்டையுமாக வாசலில் நிற்கிறாள். "என்ன வாயைப் பொளந்துட்டு நிக்கிறீங்க? காலேஜ்ல பருவத்தோட பிற்பாதி வகுப்புக்கு இன்னும் ஆள் எடுக்கிறாங்க. மண்ணைப் பத்தின பாடத்துல சேந்துட்டேன்" என்கிறாள். கல்யாணத்துக்கு முன் உங்கள் கொட்டகையில் ஊதி உங்களைத் தூங்கவிடாமல் செய்த அதே கிளாரினெட்டைத்தான் பேண்டு ஆசிரியர் பிரூயிட்டிடம் ஊதிக் காட்டியிருக்கிறாள். "கல்லூரியில சேந்தா மாணவி, சுருதி சேந்தா பேண்டு. வயசை எவன் கேட்டான்?" என்றாராம் அவர். ஸ்ட்ரௌட் அம்மாளிடமும் கேட்டாகிவிட்டது, அவர்கள் விதியில் வயது என்ற சொல்லே இல்லை. ஆகப் பன்னிரண்டு. கிளை உண்டு. டெஸ்ஸா ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, "சகோதரி லவோனா, அந்தக் கேனை வண்டியில ஏத்துங்க" என்கிறாள். "இதோ தலைவி" என்று ஓடுகிறாள் பெற்றவள். என் மகளுக்கு உங்கள் தங்கை சகோதரி என்றால், கணக்குப்படி நீங்கள் எனக்கு மகன் முறை. ஆகவே ஒரு தகப்பனாக உத்தரவிடுகிறேன்: சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து சேருங்கள். இடைவேளையில் சாசேஜ் வாங்க எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் தங்கை மைதானத்துக்குள் வருவது அப்போதுதான்.