துரைக்கு நான் போட்ட வைக்கோல்

முயலின் குடலைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிச் சம்பளம் வாங்கிய நான்தான், வீட்டில் இருந்த ஒரே முயலைக் கொன்றேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் இயற்கை விஞ்ஞான வாத்தியார் வேலை, கல்யாணமான புதிது. மனைவி பார்வதி வடகரையிலிருந்து சீரோடு கொண்டுவந்த வெள்ளை முயலுக்குப் பெயர் துரை. (அதைக் கூப்பிடும் குரலில் அவள் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.)

ஆனி மாதம் அக்காளின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குப் புறப்பட்டாள். காயவைத்த அறுகம்புல்லை ஒரு சாக்கு நிறைய அடைத்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இதத் தவிர வேற எதையும் கொடுத்திராதிய. தீந்துபோனா ஆள் அனுப்புங்க, கொடுத்துவிடுதேன்."

"ஏட்டி, நான் முயலப் பத்திப் பாடம் நடத்துதவன்."

"அதான் பயமா இருக்கு."

சாரல் பிடித்துக்கொண்டது. நான் சன்னலைத் திறந்து போட்டுவிட்டுக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சாக்கு நனைந்து கிடந்தது. சீக்கிரமே புல் அழுகி நாறியது. ஆள் அனுப்பவில்லை. (வாத்தியார் புல்லுக்கா ஆள் அனுப்புவது?) குத்துக்கல்வலசையில் ஒரு வைக்கோல் படப்பின் அடியிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தேன். உதறினால் புகைபோல வெள்ளைத் தூசி கிளம்பியது. பழசு என்றால் நன்றாகக் காய்ந்தது என்று பொருள் கொண்டேன்.

துரை தும்ம ஆரம்பித்தது. குளிர் என்று முடிவுகட்டி, இன்னும் கனமாக வைக்கோலைப் பரப்பினேன். மூக்கு ஒழுகியது, துடைத்துத் துடைத்து முன்னங்கால் ரோமம் சடை பிடித்தது. வைக்கோலைத் தொடவில்லை. இரக்கப்பட்டுத் தவிட்டு உருண்டையும் வாழைப்பழமும் ஊட்டினேன். புழுக்கை விழுவது நின்றது. (கூண்டு சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.)

வயிறு கல்லாகி, பல்லை நறநறவென்று கடித்தபோதுதான் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கூடையில் கிடந்த வைக்கோலை எடுத்து உதறினார். அவருக்கே தும்மல் வந்தது.

"வே, முயலுக்கு வாயால மூச்சு விட வராது. மூக்கு ஒண்ணுதான் வழி. அதுல பூஞ்சணத் தூசிய அடைச்சிட்டீரு. மூக்கு அடைச்சா தீனி எடுக்காது. நார் உள்ள போய்க்கிட்டே இருந்தாத்தான் அதுக்குக் குடல் ஓடும். நின்ன குடல்ல நீரு தவிட்டையும் பழத்தையும் திணிச்சிருக்கீரு."

"ஊசி ஏதாவது..."

"போடுதேன். உமக்கு ஆறுதலா இருக்கும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், குதிரை வண்டியில், என் மடியிலேயே துரை அடங்கியது. கொல்லையில் மழையோடு மழையாகப் புதைத்தேன்.

பார்வதி வந்ததும் "சளி" என்றேன். அவள் கூண்டிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து மோந்து பார்த்தாள். அழவில்லை.

"ஆள் அனுப்பச் சொன்னேம்லா," என்றாள்.

பிறகு கூண்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சாரல் முடியும்வரை அதுவும் காயவில்லை, அவளும் பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்குத்தான் கடைசியில் தெரியும். பிள்ளைகளிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து "சரியாயிட்டுப்பா" என்பார்கள். பல வருஷம் கழித்து, வயிற்றில் ஆபரேஷன் முடிந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பார்வதிக்கு நான் கஞ்சி கொண்டுபோனேன். அவள் மகளைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"ஏட்டி, மொதல்ல அப்பாவ ஒரு மடக்குக் குடிக்கச் சொல்லு."

வார்டே சிரித்தது. தையலைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். நான் குடித்துக் காட்டினேன்.