ரேடியோவை ஊமையாக்கியவருக்கு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். தங்கள் நலனும், தங்கள் சட்டைப்பையை விட்டுப் பிரியாத ஸ்க்ரூடிரைவரின் நலனும் அறிய ஆவல். தங்கள் தங்கையும் நலமென்றே நினைக்கிறேன். அவள் வாயால் கேட்டு எழுத வழியில்லை. நீங்கள் புறப்பட்டுப் போன நாள்முதல், இன்றோடு இருபத்து மூன்று நாளாக, அவள் என்னோடு பேசுவதில்லை.

நான் சண்டைக்கு வரவில்லை. எனக்கு அது வராது என்பது தங்களுக்கே தெரியும். ஆனால் தங்கள் தகப்பனார் அவளுக்குக் கொடுத்த வால்வு ரேடியோ, நீங்கள் இங்கே தங்கிய நான்கு நாளில் மூன்றாம் நாள் ஊமையானது. சத்தம் வரவில்லை என்று குமிழைக் கடைசிவரை திருகியவர் நீங்கள். அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "வால்வு போச்சு, பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று தீர்ப்பளித்தவரும் நீங்கள். போகிறபோது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் எதையாவது நோண்டியிருப்பார்மா" என்று பற்றவைத்துவிட்டுப் போனவரும் நீங்களே. நோண்டுவதா, நானா? பல்பு மாற்றவே மெயினை இருமுறை அணைத்துப் பார்க்கிறவன் நான். செய்வதையெல்லாம் மாதத்துக்கொரு நோட்டில் எழுதி, முடிந்ததும் டிக் போடுகிறவன். எழுதிவிட்டால் நினைவில் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கொள்கை.

தங்கள் தீர்ப்பை ரேடியோ மெக்கானிக்கிடம் சொன்னேன். "வால்வெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. சொன்னவர் ரேடியோவைப் பிரிச்சுப் பார்த்திருக்காரா, இல்ல பாட்டு மட்டும் கேட்டவரா?" என்றார். போனது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மராம். வால்வு தருவதை ஸ்பீக்கருக்குத் தக்கபடி மாற்றிக்கொடுக்கும் இரும்பும் சுருளும். உள்ளே தலைமுடி போன்ற கம்பி அறுந்துவிட்டது. "இது தானா சாகல சார். ஸ்பீக்கர் ஒயர் ஒண்ணு தொங்குது பாருங்க, யாரோ ஸ்க்ரூவைத் திருகிக் கழட்டியிருக்காங்க. அது இல்லாம சத்தத்தை முழுசா வச்சா இது தாங்குமா? உள்ளேயே பொறி பறந்திருக்கும்." நம் குடும்பத்தில் ஸ்க்ரூடிரைவரோடு பிறந்தவர் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

புதியது எங்கும் கிடைக்காததால் பழைய சுருளை நானே பிரித்து எண்ணினேன். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டுச் சுற்று. குறுக்கே பேச ஆளில்லாததால் ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் தங்கள் புண்ணியம். மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோனால், "சார், நான் தண்ணி மோட்டார் கட்டுறவன், இது கொசுவோட மோட்டார் மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தார். ஒன்பது நாள் நடையாய் நடந்து கட்டி வாங்கினேன். மெக்கானிக் வீட்டுக்கு வந்து அதை மாட்டி ஓடவிட்டதும், வால் மிதிபட்ட எருமை போல ரேடியோ ஓலமிட்டது. இரண்டு ஒயர் இடம் மாறிவிட்டனவாம். "நிறுத்தித் தொலைங்க அதை!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பேசிவிட்டாள் என்று ஓடினேன். அவள் என்னைத் தாண்டி மெக்கானிக்கைப் பார்த்து, "உங்ககிட்டதான் சொன்னேன், வேற யார்கிட்டயும் இல்ல" என்றாள்.

ஒயரை மாற்றியதும் பாடியது, தேன்போல. அவள்தான் பேசவில்லை. "நோண்டினது யாருன்னு தெரியட்டும், அப்புறம் பேசறதைப் பத்திப் பார்க்கலாம்" என்று அதையும் மெக்கானிக் வழியாகவே அறிவித்தாள். ஆகவே, ஒயரைக் கழற்றியது தாங்களே என்று தங்கைக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதற்கு வீரம் தேவையில்லை, ஒரு தபால்தலை போதும்.

தங்கள் வீட்டார் நோய்நொடியின்றி நீடு வாழ, வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், நாள்களைச் சரிபார்க்கச் சென்ற மாத நோட்டைத் தேடினேன். ரேடியோ ஆடாமலிருக்க மெக்கானிக் அதைத்தான் அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். அதில் இப்படி இருக்கிறது: "வியாழன். மைத்துனர் ரேடியோச் செய்தியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார். குறைக்கச் சொல்லத் துணிவில்லை. அவர் குளிக்கும்போது அவருடைய ஸ்க்ரூடிரைவராலேயே ஸ்பீக்கர் ஒயர் ஒன்றைக் கழற்றினேன். அவர் புறப்பட்டதும் மாட்டவும்." டிக் இல்லை. கையெழுத்து என்னுடையதுதானா என்று மூன்று முறை ஒப்பிட்டேன், துரதிர்ஷ்டவசமாக, ஆம். எனவே மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன், தங்கைக்கு எழுதச் சொன்ன அந்த இரண்டு வரி நீங்கலாக. சிரமம் வேண்டாமென்று அவற்றை நானே எழுதி இணைத்துள்ளேன். கையெழுத்து மட்டும் போடுங்கள். நீங்கள் அண்ணன், உங்களை மன்னித்துவிடுவாள்.