பிகெட்டுக்கு எந்த எண்?

"பிகெட் கேஸைத் திருப்பி அனுப்பிட்டோம்" என்று காப்பீட்டு நிறுவனத்து லோர்னா தொலைபேசியில் சொன்னதும், டார்லீன் பாதி சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஒரு பக்கவாத மறுவாழ்வு மையத்தின் பின்னறையில் பில் போடுபவள் அவள். நோயாளிகளின் முகம் தெரியாது, காகிதம்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால் பிகெட்டுக்குப் பயிற்சி நின்றுவிடும். பதினொரு வருடத்தில் ஒருவரையும் அவள் அப்படி விட்டதில்லை.

"ஏன் அனுப்புனீங்க?"

"நோய்க்கான கோட் நம்பர் 319ன்னு போட்டிருக்கீங்க. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மூளையில ஏதோ கோளாறுன்னு அர்த்தம். ஏதோன்னா எதுங்க?"

'நோயாளிக்கு மறதி, கவனச்சிதறல், திட்டமிடுவதில் திணறல்' என்று டாக்டர் எழுதியிருந்தார். டார்லீன் மறதிக்கான 311ஐப் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் லோர்னா கூப்பிட்டாள். "வீட்டுக்கு போன் போட்டு சோதிச்சோம். வெர்னன் பிகெட் 1974ல ஓட்டின காரோட நம்பரைச் சொல்றார். எனக்கு என் கார் நம்பரே தெரியாது."

"அப்போ கவனச்சிதறல். 310."

புதன்கிழமை பதில் வந்தது. "நாப்பது நிமிஷம் பேசினார். நான் ஒரு கேள்விய விட்டுட்டேன்னு எடுத்துச் சொன்னதே அவர்தான்."

"சரி, திட்டம் போட வராது. 314."

வியாழக்கிழமை லோர்னாவின் குரல் தணிந்திருந்தது. "ஜூன்ல ஏரிக்கு மீன் பிடிக்கப் போறாராம். எந்த பங்க்ல பெட்ரோல் போடணும்னு வரைக்கும் எழுதி வச்சிருக்கார். மேடம், கேஸ் இப்ப மோசடிப் பிரிவுக்குப் போயிருக்கு."

டாக்டர் பொய் எழுதுகிறவர் அல்ல. டார்லீனும் பாதியில் கைவிடுகிறவள் அல்ல. வெள்ளிக்கிழமை காலை, முதல் முறையாக முன்னறைக்குப் போனாள். பயிற்சிக்கு வந்த பிகெட் தம்பதி நாற்காலியில் காத்திருந்தார்கள்.

"சார், உங்களுக்காக ஒரு வாரமா மல்லுக்கட்டுறேன். நீங்க என்னடான்னா எல்லாத்துக்கும் டாண் டாண்ணு பதில் சொல்லிட்டு இருக்கீங்க."

"கேட்டாங்க, சொன்னேன்" என்றார் வெர்னன். "தப்பா சொல்லணுமா?"

"வேணாம் சார். உங்களுக்கு என்ன கஷ்டமோ, அதை உள்ளபடி சொன்னாப் போதும்."

வெர்னன் யோசித்தார். "முட்டி வலி."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி, வெகுநேரமாக ஏதோ ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தவள், டார்லீனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஸ்ட்ரோக்கு... வந்தது எனக்கும்மா. இன்சூரன்ஸ்தான் இவர் பேர்ல."